ஐந்து மணிவரை நின்றவர்கள்

ஆண்டின் பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
நற்செய்தி: மத்தேயு 20:1-16



நம் கோயில் தெரு பழைய மகாபலிபுரம் சாலையில் போய்ச் சேரும் முனையில், காலை ஆறரை மணிக்கெல்லாம் கொத்தனார்களும் சித்தாள்களும் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு, தோளில் துண்டு, கரண்டி வைத்த பை. மேஸ்திரி வண்டியில் வருவார். நான்கு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு போவார். எட்டு மணிக்குள் பெரும்பாலோர் போய்விடுவார்கள். பத்து மணிக்கும் இரண்டு மூன்று பேர் அதே இடத்தில் நிற்பார்கள். வயதானவர், ஒல்லியானவர், ஊருக்குப் புதியவர். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் வழியில் நான் அவர்களைக் கடந்து போகிறேன். வேலை கிடைக்காத நாளில் அவர்கள் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆண்டவர் இன்று சொன்ன உவமையில் வரும் சந்தைவெளி இப்படிப்பட்ட இடம்தான். திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் வந்து ஆள் எடுக்கிறார். ஒன்பது மணிக்கும் நண்பகலிலும் மூன்று மணிக்கும் மறுபடி வருகிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே மிச்சமிருக்கையில், மாலை ஐந்து மணிக்கு, ஐந்தாம் முறையாக வருகிறார். அப்போதும் சிலர் அங்கே நிற்கிறார்கள்.

நம் பங்கில் இன்னொரு சந்தைவெளி இருக்கிறது. அது தெருமுனையில் இல்லாததால் நம் கண்ணில் படுவதில்லை. அடுக்குமாடி வீட்டின் சாத்திய அறையிலும், பி.ஜி. விடுதியின் கட்டில்மேலும், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி, வாரநாள்களில் பதினொரு மணியளவில் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்வதைக் கவனித்தேன். இஸ்திரி போட்ட சட்டை, காலருகே ஆபீஸ் பை. இரவு ஷிப்ட் பார்ப்பவர்போல என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது வருடம் ஐ.டி.யில் வேலை செய்தவர். ஒரு நாள் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, நீங்களாகவே பேப்பர் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பதினோரு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. காலை எட்டரைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, பூங்காவிலும் நூலகத்திலும் கோயிலிலும் உட்கார்ந்துவிட்டு, மாலையில் வீடு திரும்பியிருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை உங்களிடம் சொல்கிறேன். அன்று அவர் சொன்னது இதுதான்: “இருநூறு இடத்துக்கு மேல அப்ளை பண்ணிட்டேன், ஃபாதர். வேண்டாம்னுகூட யாரும் சொல்லல. யாருமே கூப்பிடல.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு இந்த நற்செய்திதான் நினைவுக்கு வந்தது. ஐந்து மணிக்கு நின்றவர்களும் தோட்டக்காரரிடம் அதையேதான் சொன்னார்கள். தங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்பதே அவர்களுடைய பதில். அந்தப் பதிலைக் கேட்டு அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். காலையில் சீக்கிரம் வந்திருக்க வேண்டாமா என்று கேட்கவில்லை. உங்களிடம் ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் மற்றவர்கள் எடுக்கவில்லை என்று சந்தேகப்படவில்லை. இத்தனை மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று கணக்குக் கேட்கவில்லை. அவர்கள் சொன்னதை உண்மையென்று ஏற்றுக்கொண்டு, தோட்டத்துக்குப் போகச் சொன்னார்.

அன்பானவர்களே, நாம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த ஏற்பு. வேலை கிடைக்கவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, அவர் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. நடந்ததைச் சொல்கிறார்.

நடந்தது என்ன? 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. அதற்குப் பிறகு வந்த இருபது ஆண்டுகளில் இந்தச் சாலையின் உப்பளங்களும் வயல்களும் கண்ணாடிக் கட்டடங்களாயின. கன்னியாகுமரியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். நம் பங்கு வளர்ந்ததே அவர்களால்தான். பெருந்தொற்றுக் காலத்தில் உலகமே இணையத்துக்கு மாறியபோது, நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆள் எடுத்தன. 2022 மார்ச் முதல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டி, 2023 ஜூலைக்குள் ஐந்து விழுக்காட்டைத் தாண்டியது. கடன் வாங்கிப் புதிய திட்டங்களைத் தொடங்கிய அந்நாட்டு நிறுவனங்கள் கையை இறுக்கின. நம் மென்பொருள் வேலையில் பெரும்பங்கு அங்கிருந்து வருவதால், அங்கே ஒரு திட்டம் நின்றால் சோழிங்கநல்லூரில் ஒரு குழு திட்டம் எதுவும் இல்லாமல் காத்திருக்கும் ‘பெஞ்சு’க்குப் போகிறது.

அதே 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தது. சின்னச் சின்ன நிரல் எழுதுவது, சோதித்துப் பார்ப்பது, வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் சொல்வது ஆகியவற்றில் பலவற்றை இயந்திரம் செய்யத் தொடங்கியது. புதிதாகப் படித்து வரும் ஃப்ரெஷர் பிள்ளைகள் ஏறி வந்த ஏணியின் முதல் படியே அந்த வேலைகள்தான். 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. 2025 ஜூலையில், சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் டி.சி.எஸ்., தன் ஊழியர்களில் இரண்டு விழுக்காடு, ஏறக்குறைய 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. அதில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்நிலைப் பொறுப்பில் இருப்பவர்கள். இந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் பலருடைய வயது அது. பலருடைய வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்தச் சம்பளத்தில் நிற்கிறது.

வாஷிங்டனில் ஏறிய வட்டிக்கும் கலிபோர்னியாவில் எழுதிய நிரலுக்கும் உங்கள் பிள்ளை எப்படிப் பொறுப்பாவான்? நம் பங்கில் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. கடலுக்குப் போய் வெறும் வலையோடு திரும்புகிறவரைப் பார்த்து அவர்கள் சோம்பேறி என்று சொல்வதில்லை. “இன்னிக்குப் பாடு இல்ல” என்கிறார்கள். எவ்வளவு இரக்கமான சொல்! கடலின் குறையை மனிதரின் தலையில் அது ஏற்றுவதில்லை. சீமோன் பேதுருவும் ஓர் இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் படாமல் கரைக்கு வந்தவர். அவருடைய வெறும் வலையைப் பார்த்து இயேசு குறை சொல்லவில்லை. அந்தப் படகில் ஏறி உட்கார்ந்தார். வெறுமையாகத் திரும்பிய அந்தப் படகுதான் அன்று அவருக்கு மறையுரை மேடை ஆனது.

இரண்டாவதாக, அந்த ஒரு தெனாரியத்தை நினைத்துப் பாருங்கள். அது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒரு குடும்பம் ஒரு நாள் உயிர் வாழத் தேவையான பணம். பொழுது சாயும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுவது அதனால்தான். அந்தப் பணம் போனால்தான் அந்த வீட்டில் இரவு உலை கொதிக்கும். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரக் கூலி கொடுத்திருந்தால், தோட்டக்காரரின் கணக்கு சரியாக இருந்திருக்கும், பிள்ளைகள் பட்டினி கிடந்திருப்பார்கள். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வீட்டு அடுப்பைப் பார்த்தார்.

திருச்சபை இந்தப் பாடத்தைத் தொடர்ந்து சொல்லி வருகிறது. 1891இல் ஆலைகள் மனிதரைப் பிழிந்துகொண்டிருந்தபோது, திருத்தந்தை 13ஆம் லியோ ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை எழுதினார். 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ சுற்றுமடலில், வேலை மனிதருக்காக இருக்கிறது, மனிதர் வேலைக்காக இல்லை என்று தெளிவுபடுத்தினார். வேலையின்மை ஒரு தீமை என்றும், தக்க கல்வி பெற்று உழைக்கத் தயாராக நிற்கும் இளையோருக்கு வேலை இல்லாமல் போவது தனி வேதனை என்றும் அதில் சொன்னார். சம்பளம் கொடுக்கிற முதலாளி மட்டுமல்ல, கொள்கை வகுக்கிற அரசுகளும் நாடுகளுக்கு இடையே ஒப்பந்தம் போடுகிறவர்களும் மறைமுக முதலாளிகள், அவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்றார். 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை, இரண்டு நாள் கழித்துக் கர்தினால்களிடம் பேசியபோது, லியோ என்ற பெயரை ஏன் எடுத்தார் என்று விளக்கினார். அன்று ஆலைகள் எழுப்பிய கேள்வியை இன்று செயற்கை நுண்ணறிவு எழுப்புகிறது. மனித மாண்பையும் நீதியையும் உழைப்பையும் திருச்சபை காக்க வேண்டும் என்பதே அந்த விளக்கம்.

வேலை இழந்த என் பிள்ளைகளே, ஒன்றைச் சொல்கிறேன். வேலை போன நாளில், தினமும் திறந்த கதவு உங்கள் அட்டையைத் தொட்டும் திறக்காமல் நின்ற அந்த நொடியை உங்களில் சிலர் என்னிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறீர்கள். கழுத்திலிருந்து அந்த அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். திருமுழுக்கில் உங்கள் நெற்றியில் வரைந்த சிலுவையை யாராலும் கழற்றி வாங்க முடியாது. கடவுளுக்கு முன் உங்கள் பெயருக்குப் பின்னால் பதவி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. நீங்கள் அவருடைய மகன், அவருடைய மகள்.

மூன்றாவதாக ஒன்று. காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பகலெல்லாம் வெயிலில் வேலை செய்தவர்கள் தாங்கள் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த வெயில் சந்தைவெளியிலும் அடித்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கொடியின் நிழல் இருந்தது, பேச்சுத் துணை இருந்தது, மாலையில் கூலி நிச்சயம் என்ற தைரியம் இருந்தது. சந்தைவெளியில் நின்றவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை ஆள் எடுக்க வரும்போதும் அவர்கள் முகம் நிமிர்ந்து, பின் தொங்கியிருக்கும். அந்த வெயிலையும் கணக்கில் எடுக்கத் தெரிந்தவர் கடவுள். வேலையில் இருக்கும் நாமும் அதைக் கணக்கில் எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தோட்டக்காரரிடம் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். மாலையில் கூலி கொடுக்கும் வேலையை அவரிடம்தான் சொல்கிறார். ஆள் எடுக்கவும் அவரை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஐந்து முறையும் தானே புறப்பட்டுச் சந்தைவெளிக்குப் போனார். ஆகவே, வேலை இல்லாதவர்களைத் தேடிப் போவதை நாம் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட முடியாது.

எனவே உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன்.

பெற்றோரே, பிள்ளை உண்மையைச் சொல்லும்படியான வீடாக உங்கள் வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். “சாமி, அவன் எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சா விரட்டியிருப்பேன்?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அந்தத் தாயின் அன்பில் குறையில்லை. ஆனால் அதே வீட்டில் வருடக்கணக்கில், பக்கத்து வீட்டுப் பையனின் சம்பளத்தைப் பற்றிய பேச்சு சாப்பாட்டு வேளையில் ஓடியிருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வாய் எப்படித் திறக்கும்? இன்று வீட்டுக்குப் போய், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ என் பிள்ளை என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உறவினர்களே, கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், “இன்னும் ஒண்ணும் அமையலயா?” என்று பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள். அக்கறை இருந்தால் தனியாகப் போன் செய்யுங்கள்.

வேலையில் இருப்பவர்களே, புனித பவுல் கொரிந்துக்கு வந்தபோது அக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரைச் சந்தித்தார். பேரரசன் கிளவுதியுவின் ஆணையால் உரோமையிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் அவர்கள். தாங்களே பிழைப்பை இழந்து புதிதாகத் தொடங்கியிருந்தபோதும், கூடாரம் செய்யும் அதே தொழில் தெரிந்தவர் என்பதால் பவுலுக்குத் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். சேர்ந்து வேலை செய்தார்கள். உங்கள் நிறுவனத்தில் ஓர் இடம் காலி என்று தெரிந்தால், தகுதியுள்ள ஒருவரை ரெஃபர் செய்ய உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள்.

ஆள் எடுக்கும் பொறுப்பிலும், ஆள் குறைக்கும் பொறுப்பிலும் இருப்பவர்கள் இந்தப் பங்கில் இருக்கிறீர்கள். உங்கள் கையிலும் எல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் கையில் இருப்பதையாவது நீதியோடு செய்யுங்கள். இன்டர்வியூவுக்கு வந்தவருக்கு ஒரு பதில் அனுப்புங்கள்; வேண்டாம் என்ற பதிலும் ஒரு மரியாதைதான். ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டு, சேரும் தேதியைச் சொல்லாமல் ஒரு பிள்ளையை மாதக்கணக்கில் காக்க வைக்காதீர்கள். வேலையிலிருந்து எடுக்க வேண்டிய நிலை வந்தால், மிரட்டி ராஜினாமா எழுதி வாங்காதீர்கள். சேர வேண்டியதைக் கொடுத்து, முகம் பார்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

வேலை தேடும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். வேலைக்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு லட்சம் கொடுத்தால் பின்வாசல் வழியாகச் சேர்த்துவிடுகிறேன் என்பவன் உங்கள் கண்ணீரை வைத்து வியாபாரம் செய்கிறான். செய்யாத வேலையைச் செய்ததாகப் போலி அனுபவச் சான்றிதழ் வாங்காதீர்கள். பொய்யின்மேல் கட்டிய வேலையில் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்க முடியாது. மூன்றாவது, தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, கை நிறையச் சம்பளம், சுற்றுலா விசாவில் வந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிப் போன நம் பிள்ளைகளை எல்லை கடத்தி, மியான்மரில் அடைத்து வைத்து, அடித்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப் படை விமானங்களில் அழைத்துவர வேண்டியிருந்தது. வெளிநாட்டு வேலை என்றால் அரசிடம் பதிவு செய்த முகவரா என்று பார்த்த பிறகே கடவுச்சீட்டைக் கையில் எடுங்கள்.

காத்திருக்கும் நாள்களுக்கு ஓர் ஒழுங்கு வையுங்கள். காலையில் எழுந்து குளித்து, செபித்து, விண்ணப்பிக்க ஒரு நேரம், புதிதாகக் கற்க ஒரு நேரம், நடக்க ஒரு நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் கற்றுக்கொள்கிற காலத்தில் நாமும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் வேறு வேலை கிடைத்தால் வெட்கப்படாமல் செய்யுங்கள். திருத்தூதர் கூடாரம் தைத்தார். மீட்பர் தச்சுப் பட்டறையில் வளர்ந்தார். உயிரே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அந்த நிமிடமே என்னைக் கூப்பிடுங்கள். அல்லது 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கோ, தமிழக அரசின் 104 எண்ணுக்கோ பேசுங்கள். இரவு எத்தனை மணியானாலும் பேசுங்கள்.

அன்பியப் பொறுப்பாளர்களே, உங்கள் அன்பியத்தில் வேலை இழந்த வீடு எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது ஊருக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும். வாடகையோ பள்ளிக் கட்டணமோ நிற்கிற வீட்டுக்கு, நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாமல் உதவுவார்கள். பங்குப் பேரவை கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. ஞாயிறுதோறும் மாலையில் பங்கு மண்டபத்தில் இணைய இணைப்போடு மேசைகள் போட்டு வைப்போம். ஐ.டி. துறையில் மூத்தவர்கள் எட்டுப் பேர் முறை வைத்து வருவார்கள். ரெஸ்யூமேயைத் திருத்தித் தருவார்கள், இன்டர்வியூவுக்குப் பயிற்சி தருவார்கள், தெரிந்த இடங்களில் சொல்லி வைப்பார்கள். எந்த மதத்தவர் வந்தாலும் இடம் உண்டு. தோட்டக்காரர் சந்தைவெளியில் யாரையும் எந்த ஊர், எந்தக் குலம் என்று கேட்கவில்லை.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தத் தம்பிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவர் தம் மனைவியிடம் சொல்லிவிட்டார். மனைவி அழுதார். பிறகு வீட்டுச் செலவுக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இப்போது அவர் காலையில் பையை மாட்டிக்கொண்டு பொய்யாகக் கிளம்புவதில்லை. மண்டபத்துக்கு வரப்போகும் மூத்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தவர் அவர்தான்.

இன்னும் சிறிது நேரத்தில் அப்பமும் இரசமும் பீடத்துக்கு வரும். நிலத்தின் விளைவு, மனித உழைப்பின் பயன். உழைக்க ஆசைப்பட்டும் இடம் கிடைக்காதவர்களின் காத்திருப்பையும் அவற்றோடு சேர்த்து ஒப்புக்கொடுப்போம்.

தோட்டக்காரர் ஐந்து மணிக்கும் வந்தார். இன்று மாலை ஐந்து மணிக்குப் பங்கு மண்டபம் திறந்திருக்கும். நான் அங்கே இருப்பேன். வேலை தேடுகிறவர்கள் வாருங்கள். வேலையில் இருப்பவர்களும் வாருங்கள். ஆமென்.